சாம்பலியின் மூக்குச் சளி தொடர்பாக

அம்பிட்டிய ஜெயராணியின் முயல்கள் ஓகஸ்ட் மாதத்தில் தும்மத் தொடங்கின. முயல் தும்முவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். குட்டி வாங்க வந்த ஒருத்தி சிரித்துச் சிரித்து அதைப் படமும் பிடித்தாள். ஜெயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பன்னிரண்டு வருடம் முயலோடு கிடந்தவள். ஒரு பெட்டையைத் தூக்கி முன்னங்கால்களைத் திருப்பிப் பார்த்தாள். உட்புறத்து ரோமம் ஈரமாகிச் சடை பிடித்திருந்தது. ஒழுகுகிற மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்த சடை அது. அடுத்த கூட்டிலும் அப்படித்தான். ஐந்து கூடுகளில் அப்படியிருந்தது.

இருபத்திநான்கு பெட்டைகளும் இரண்டு ஆண் முயல்களும் அவளிடம் இருந்தன. அவள் இறைச்சிக்கு விற்பவள் அல்ல. இனத்துக்கு விற்பவள். மாத்தளையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் ஆட்கள் வருவது ஒரே ஒரு வம்சத்தைத் தேடித்தான். சாம்பலி என்கிற பெட்டை ஓர் ஈற்றுக்கு எட்டு, ஒன்பது குட்டி போடும். போட்டதில் ஒன்றைக்கூட மிதிக்காது, பட்டினி போடாது. கூட்டிலிருந்த மற்றப் பெட்டைகளில் பாதி அதன் மகளும் பேத்தியும்தான். அந்த வம்சம் போனால் ஜெயராணிக்குத் தொழில் இல்லை. கணவன் லெட்சுமணன் த்ரீவீல் ஓட்டுகிறான் என்பது பெயருக்குத்தான். வண்டி பாதி நாள் கராஜில் நிற்கும்.

கோழித்தீன் கடையில் மஞ்சள் நிற மருந்துத் தூள் ஒன்றை வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்துப் பார்த்தாள். தண்ணீர் மஞ்சளானது. வேறொன்றும் நடக்கவில்லை. அதன்பிறகு மிருக வைத்தியர் ஷிஹாபிடம் போனாள். இளவயதுக்காரர், நல்ல மனிதர்.

"கண்ண மூடிட்டு மருந்து தர ஏலாக்கா," என்றார் ஷிஹாப். "மூக்குச் சளிய எடுத்து, கிருமிய வளத்துப் பாத்தா எந்த மருந்துக்குச் சாகுதெண்டு வெளங்கும். கடுகண்ணாவையில அதுக்கெண்டே ஒரு நிலையம் ஈக்கி. மூணு நாள் வேல."

கிருமியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. கிருமிக்கு மூன்று நாள் போதும். நிலையத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நுண்ணுயிர் உணர்திறன் ஆய்வு மத்திய நிலையம் கடுகண்ணாவைக் கணவாய்க்குச் சற்றுக் கீழே, மேட்டில், கண்ணாடிக் கதவுகளோடு நிற்கிறது. முற்றத்தில் சீமெந்தால் செய்த பாக்டீரியா ஒன்று ஒன்பது அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறது. சுற்றிலும் பூச்செடி. 'பாக்டீரியாவின் மீது ஏறாதீர்கள்' என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். பணிப்பாளர் பதவியேற்ற முதல் வருடத்தில் முடித்த வேலை அது. பதவியேற்றுப் பதினொரு வருடமாகிறது.

ஜெயராணி சாம்பலியை ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து, இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். முன்மேசையில் பஸ்லினா என்ற இலிகிதர் இருந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அல்லாவே, என்ன வடிவு," என்றாள். பிறகு கணினியைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அக்கா, போம்ல முயலே இல்லயே."

படிவத்தில் மாடு இருந்தது. எருமை, ஆடு, பன்றி, கோழி, நாய், பூனை இருந்தன. யானை ஊர்வலம் நடக்கிற கண்டியல்லவா, யானையும் இருந்தது. அதிலும் தந்தமுள்ளது, தந்தமில்லாதது என்று இரண்டு கட்டம். பஸ்லினா தேடித் தேடிக் கடைசியில் முயலைக் கண்டுபிடித்தாள். வெள்ளெலிக்கும் சீமைப் பெருச்சாளிக்கும் நடுவில், 'பரிசோதனைக்கூட விலங்குகள்' என்ற தலைப்பின் கீழே முயல் இருந்தது.

"அப்ப நீங்க ஆராய்ச்சியாளர்," என்றாள் பஸ்லினா. "ஆராய்ச்சிட தலைப்பு என்னக்கா?"

"ஆராய்ச்சி எல்லாம் இல்லீங்க மிஸ். தும்முது. மருந்து வேணும்."

"தலைப்புப் போடாட்டி அடுத்த பக்கம் தொறக்காதே."

"கோழின்னு போட்டுக்கிடுங்களேன். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பஸ்லினாவுக்கு அதிர்ச்சியாகிவிட்டது. "பொய் எழுத ஏலுமா அக்கா? இது விஞ்ஞான நிலையம்." பிறகு அவளே யோசித்து, 'சாம்பலி உட்பட இருபத்திநான்கு முயல்களில் தும்மல்: ஓர் ஆய்வு' என்று தட்டெழுதினாள். பக்கம் திறந்தது. ஆராய்ச்சியென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும் என்று அந்தப் பக்கம் சொன்னது. குழு மூன்று கிழமைக்கு ஒரு தடவை கூடும். போன தடவை முந்தாநாள்தான் கூடியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஜெயராணியிடம் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் இருபத்திநான்கைக் கொடுத்தனுப்பினார்கள். 'ஆய்வில் உள்ளது. முடிவு வரும்வரை எந்த மருந்தும் கொடுக்கத் தடை.' ஜெயராணி ஒவ்வொரு கூட்டிலும் கோணாமல் ஒட்டினாள். அந்த மூன்று கிழமைக்குள் நான்கு கூடுகளில் சீட்டு இருந்தது, பெட்டை இல்லை.

குழுவில் ஐந்து பேர். நீள்வட்ட மேசை, ஐந்து கதிரை, ஐந்து தண்ணீர்ப் போத்தல். ஜெயராணிக்குக் கதிரை போடப்படவில்லை. ஆராய்ச்சியாளர்கள் நின்றுதான் விளக்குவார்களாம். நடுவில் பணிப்பாளர். அவர் வீட்டில் சோறு கேட்டாலும் சுற்றறிக்கை வாசிப்பது போலத்தான் கேட்பார் என்று ஊழியர்கள் சொல்வார்கள். அது மிகையல்ல.

"தங்கள் ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழு எது?" என்றார்.

"நீங்கதானுங்களே சேர் குழு?"

பணிப்பாளர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வேண்டுமானால் பாதி முயல்களுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. அவை சாக வேண்டும், அல்லது சாகாமலிருக்க வேண்டும். எதுவானாலும் அது பெறுமதியான தகவல்.

"எதை விடுறது சேர்? எல்லாமே நான் வளர்த்ததுங்க."

"பாசம் முடிவுகளைப் பாதிக்கும். அதை வரையறைகள் என்ற பகுதியில் குறிப்பிடுங்கள்." அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "பதினேழாம் கட்டம் வெறுமையாக உள்ளதே? ஆய்வின் முடிவில் விலங்குகளை மனிதாபிமானத்தோடு கொல்லும் முறை."

"கொல்றதுக்கு இல்லீங்க சேர். காப்பாத்துறதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்படியொரு விண்ணப்பம் இதுவரை வந்ததில்லை. அரை மணி நேரம் விவாதம் நடந்தது. காப்பாற்றுவதற்குக் கட்டம் இல்லை என்பதில் குழு ஒருமித்த கருத்துக்கு வந்தது. கட்டத்தை வெறுமையாக விடவும் முடியாது. கடைசியில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதி அனுமதி வழங்கினார்கள். விலங்குகளின் துன்பத்தைக் குறைப்பதில் இந்த நிலையம் கொண்டுள்ள அக்கறை பற்றிப் பணிப்பாளர் பத்து நிமிடம் பேசினார். ஜெயராணியின் கால் கடுத்தது.

அதே நாளில் சளி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சளி எடுப்பது செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய் பௌர்ணமி, போயா விடுமுறை. அடுத்த செவ்வாய் சாம்பலியின் மூக்கில் மெல்லிய பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார்கள். சாம்பலி ஒரு முறை முனகியது. முயல் வாய்விட்டுச் சத்தம் போடாத பிராணி. நோவு பொறுக்க முடியாமல் போனால்தான் போடும். ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாக்டீரியா இரண்டாம் நாளே தட்டில் வளர்ந்து தன் கடமையை முடித்துவிட்டது. தட்டில் மருந்து வில்லைகளை வைத்தார்கள். ஒரு வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெளித்தது. வட்டம் பெரிதென்றால் மருந்து நல்லது. அளந்து எழுத வேண்டியதுதான் பாக்கி. நிலையத்தில் வட்டம் அளக்க அதிகாரம் பெற்றவர் ஒருவர்தான், வளைய அளவையாளர் ஹுஸைன். அவரிடம்தான் அங்கீகரிக்கப்பட்ட அடிமட்டம் இருந்தது. அதை அவர் அலுமாரியில் பூட்டி, சாவியோடு கொழும்புக்குப் போயிருந்தார். அடிமட்டம் வாசிப்பதில் ஆறு கிழமைப் பயிற்சி.

"எங்க வீட்டுல அடிமட்டம் இருக்குதுங்க மிஸ்," என்றாள் ஜெயராணி தொலைபேசியில். "மக இஸ்கூலுக்குக் கொண்டு போறது. கொண்டாந்து தரட்டுங்களா?"

"கோவிச்சிக்க வாணாம் அக்கா. அது தரச்சான்று பெத்த அடிமட்டம் இல்லயே. எனக்கிட்டயும் ஒண்டு ஈக்கி. நான் கோடு போட மட்டுந்தான் எடுக்கிறது."

அந்த ஆறு கிழமையும் நிலையம் சும்மா இருக்கவில்லை. கிருமி செத்துவிட்டால் மாதிரி கெட்டுவிடுமல்லவா? அதனால் கிழமைக்கொரு முறை அதைப் புதிய தட்டுக்கு மாற்றினார்கள். செம்மறி இரத்தம் கலந்த உணவு கொடுத்தார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் போட்டு இளஞ்சூட்டில் வைத்தார்கள். லீவு நாளிலும் ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். சாம்பலியின் மூக்கிலிருந்து வந்த அந்தக் கிருமியை இந்த நாட்டில் யாரும் அவ்வளவு கண்ணும் கருத்துமாக வளர்த்திருக்க மாட்டார்கள். அம்பிட்டியவில் இன்னும் ஏழு பெட்டைகள் செத்தன.

"மயிரு நிலையம்," என்றான் லெட்சுமணன். ஏழாவதைப் புதைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "ஒட்டுச்சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு எதையாவது வாங்கிக் குடு. கேக்க வாறவன நான் பாத்துக்கிறேன்."

"எதக் குடுக்கிறது? தப்பானதக் குடுத்தா இருக்கிறதும் போயிரும். இம்புட்டு நாள் பொறுத்தாச்சு."

அவள் ஷிஹாபைத் தேடிப் போனாள். அவருக்கு மொனராகலைக்கு மாற்றலாகிவிட்டது. அவருடைய கதிரையில் கோட் ஒன்று தொங்கியது.

நவம்பரில் அன்டிபயோட்டிக் விழிப்புணர்வு வாரம் வந்தது. நிலையத்தின் மண்டபத்தில் விழா. 'பயனாளி' என்ற அட்டையைக் குத்தி ஜெயராணியை முன்வரிசையில் இருத்தினார்கள். இந்தத் தடவை கதிரை கிடைத்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், மாணவிகள் நடனம் ஆடினார்கள். பச்சை உடுப்பில் ஒரு பிள்ளை பாக்டீரியாவாக வந்து ஆடியதற்கு நல்ல கைதட்டு. பிறகு பணிப்பாளர் எழுந்தார்.

"அன்டிபயோட்டிக் பாவனையைக் குறைப்பதே எமது இலட்சியம்," என்று தொடங்கினார். "அதை எவ்வாறு அடைவது என்று உலகமே திகைத்து நிற்கிறது. நாங்கள் திகைக்கவில்லை. இதோ இந்தச் சகோதரி. எமது நிலையத்துக்கு வரும்வரை இவர் தம் எண்ணப்படி மருந்து கொடுத்தவர். எம்மிடம் வந்த நாள்முதல் இந்தப் பத்துக் கிழமையும் ஒரு துளி மருந்துகூடக் கொடுக்கவில்லை. எமது முடிவு கிடைக்காததே இதற்குக் காரணம் என்பதைப் பெருமையோடு கூறிக்கொள்கிறேன். முடிவு விரைவில் கிடைக்கும் இடங்களில் மருந்துப் பாவனை எந்தளவு உயர்ந்திருக்கிறது என்பதை நீங்கள் சிந்திக்க வேண்டும். மேலும், இவருடைய பண்ணையில் முயல்களின் தொகை கிட்டத்தட்ட அரைவாசியாகியுள்ளது. ஆகவே எதிர்காலத்திலும் பாவனை குறைந்தே இருக்கும்."

மண்டபம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் ஜெயராணியைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளும் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டிவைத்தாள். தட்டிய கையை அவளுக்கே பிடிக்கவில்லை.

அறிக்கையை மேடையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருந்தது. பயிற்சி முடித்து வந்த ஹுஸைன் தாமே வாசித்தார். கடையில் வாங்கிய மஞ்சள் மருந்துத் தூளுக்குக் கிருமி சாகவில்லை. அமொக்சிசிலினுக்கு இருபத்தொன்பது மில்லிமீற்றர் வட்டம், மிகச் சிறப்பு. மற்ற மூன்று மருந்துகளுக்கு நேரே 'வில்லை கையிருப்பில் இல்லை' என்றிருந்தது.

அமொக்சிசிலின் என்ற பெயர் ஜெயராணிக்குத் தெரிந்திருந்தது. மகளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்த குளிசை அதுதான். மிஞ்சியதை ஒருமுறை ஒரு பெட்டைக்குக் கரைத்துப் புகட்டினாள். மூன்றாம் நாள் தண்ணீராய்க் கழிந்து அது செத்துப்போனது. மேடையை விட்டு இறங்கியதும் பணிப்பாளரின் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்.

"சேர், இது முயலுக்கு ஆகாதுங்க. வாயால குடுத்தா வயிறு கெட்டுச் செத்துரும். நான் கண்ணால பார்த்தேன்."

"எத்தனை முயல்?"

"ஒண்ணு."

"ஒன்று புள்ளிவிவரம் ஆகாது," என்றார் பணிப்பாளர். "எமது தட்டில் கோடிக்கணக்கான பாக்டீரியா இறந்துள்ளன. கோடி பெரிதா, ஒன்று பெரிதா?"

"அப்ப முதல்ல ஒண்ணுக்கு மட்டும் குடுத்துப் பார்க்கட்டுங்களா?"

"கூடவே கூடாது. அரைகுறைச் சிகிச்சையால்தான் எதிர்ப்புத்திறன் வளர்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஐந்து நாள், இடைவிடாமல். எமது உத்தியோகத்தர்கள் நேரில் வந்து ஆரம்பித்துவைப்பார்கள்."

அன்றிரவு லெட்சுமணன் வேண்டாம் என்றான். கெட்ட வார்த்தையிலும் சொன்னான். ஜெயராணி சட்டம் அடித்த அறிக்கையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்திரை இருந்தது, மூன்று கையெழுத்து இருந்தது. அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். சாம்பலிக்கு நெஞ்சு கறகறவென்று இழுத்தது, இனியும் காத்திருந்தால் அது தானாகவே போய்விடும். படித்தவர்கள் இத்தனை பேர் இத்தனை நாள் பார்த்துச் சொன்னது பிழையாகுமா என்று நினைத்தாள். தன் கண்ணை நம்பாமல் அந்தக் கண்ணாடியை நம்பினாள். அந்தப் பிழையை அவள் பிறகு ஒரு நாளும் தனக்கு மன்னிக்கவில்லை.

மறுநாள் வாகனம் வந்தது. ஹுஸைனும் படப்பிடிப்பாளரும் இறங்கினார்கள். பதின்மூன்று பெட்டைகள் மிச்சம். ஜெயராணி ஒவ்வொன்றாக மடியில் இருத்தி, கடைவாயில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து மருந்தைப் புகட்டினாள். அவள் கையிலிருந்து என்பதால் ஒன்றும் துப்பவில்லை. சாம்பலி சிரிஞ்சின் நுனியை நக்கியது. "அக்கா, கொஞ்சம் சிரிங்க," என்றார் படப்பிடிப்பாளர்.

இரண்டாம் நாள் மாலை தும்மல் குறைந்தது. ஜெயராணி சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். மூன்றாம் நாள் ஒன்றும் தீன் தொடவில்லை. வயிறு ஊதி, பின்பக்கம் நனைந்து, கூட்டின் மூலையில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு குந்தியிருந்தன. மத்தியானத்துக்குள் ஐந்து போயின. அவள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர் சொல்லச் சொல்றாரு அக்கா," என்றாள் பஸ்லினா. "இடையில நிப்பாட்ட வாணாமாம். ஐஞ்சு நாளும் குடுக்கட்டாம்."

ஜெயராணி நிறுத்திவிட்டாள். நிறுத்தியும் பயனில்லை. நான்காம் நாள் விடியும்போது சாம்பலி அவள் மடியில் இருந்தது. மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டுச் சளி இல்லை. கடைசியாக ஒருமுறை வாய்விட்டுக் கத்திவிட்டுச் செத்தது. அன்று பின்னேரத்துக்குள் மற்றவையும் போய்விட்டன. ஆய்வுப் பட்டியலில் இல்லாத ஆண் முயல்கள் இரண்டும் வெறுங்கூடுகளுக்கு எதிரே தனியாக நின்றன.

பத்து நாள் கழித்து நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. செத்த முயல்களின் மூக்கிலிருந்து ஹுஸைன் வந்து எடுத்துப்போன மாதிரிகளின் முடிவு தயாராம். மாதிரி எடுத்து மூன்றே நாளில் தயார், கடிதம் வரத்தான் மிச்ச நாள். நிலையத்தின் வரலாற்றில் அதுவே சாதனை.

பணிப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். பதின்மூன்று தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தார். ஒன்றிலும் ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

"பாருங்கள் சகோதரி. பூச்சியம். முற்றான குணம். மீண்டும் நோய் வருவதற்கு வாய்ப்பே இல்லை."

"முயல் செத்துப் போச்சுங்க சேர்."

"அறிந்தேன். வருந்துகிறேன். ஆனால் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது கிருமி. அதன் பொறுப்பை நாங்கள் நிறைவேற்றினோம்." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "இது நோயற்ற பண்ணைச் சான்றிதழ். மத்திய மாகாணத்தில் முயலுக்கு வழங்கப்படும் முதலாவது. கீழே பயனாளியின் கருத்து என்று உள்ளதே, அங்கே இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆண்டறிக்கைக்குத் தேவை."

பஸ்லினா பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஜெயராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயராணி தட்டுகளைப் பார்த்தாள், பணிப்பாளரைப் பார்த்தாள். அவர் கொழுகொழுவென்று, தும்மல் தடிமல் இல்லாமல், பதினொரு வருடமாக இருந்த அதே கதிரையில் இருந்தார். பிறகு குனிந்து, எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

'கிருமி செத்துப் போச்சு. என் முயலும் செத்துப் போச்சு. எந்த மருந்துக்கும் சாகாம நீங்க மட்டும் இருக்கீங்க.'

பேனாவை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். சான்றிதழை எடுத்துக்கொள்ளவில்லை.

நிலையத்தின் ஆண்டறிக்கை மார்ச்சில் வெளிவந்தது. நல்ல தாள், வண்ண அட்டை. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஜெயராணியின் படம் இருக்கிறது, மடியில் சாம்பலி. படத்துக்குக் கீழே பயனாளியின் கருத்து: 'கிருமி அழிந்தது. எத்தகைய சவாலிலும் நிலையம் தொடர்ந்து இயங்குகிறது.' நடு வாக்கியம் இடவசதி கருதி நீக்கப்பட்டதாக அடிக்குறிப்பு சொல்கிறது.